பாராட்டைப் பழியாகவும், கண்டிப்பைப் பாராட்டாகவும் படித்த ஒரு தாய்க்கு

ஸ்பெயினின் சரகோசா நகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் கண்டுவிடாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

கணவர் பொறியாளர். குடும்பம் அங்கே குடியேறி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஒன்பது வயது மகன் தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் வந்த மதிப்பெண் அறிக்கையில் வகுப்பாசிரியை இப்படி ஒரு வரி எழுதியிருக்கிறார்: "எஸ் ஊன் நீன்யோ இன்ஹெனியோசோ இ ஒகுர்ரெந்தே, பெரோ அ வேசெஸ் சே பாசா தே லிஸ்தோ." வாசகி அகராதியைப் புரட்டியபோது 'இன்ஹெனியோசோ' என்ற சொல்லுக்கு 'விவரம் தெரியாத வெகுளி' என்ற பொருள் கண்ணில் பட்டது. வாக்கியத்தின் பிற்பகுதியை மகனிடமே கேட்டிருக்கிறார். "நான் மிகவும் கெட்டிக்காரன் என்று எழுதியிருக்கிறார்கள்" என்று அவன் சொன்னான். அதாவது, முதலில் குறை, பிறகு பாராட்டு என்று அவர் புரிந்துகொண்டார்.

சில வாரங்களுக்கு முன் வகுப்பில் நடந்ததும் அவர் நினைவுக்கு வந்தது. சிறு தேர்வு தொடங்குமுன் "எஸ்தாயிஸ் லிஸ்தோஸ்?" என்று ஆசிரியை கேட்டார். "யோ எஸ்தோய் லிஸ்தோ, பெரோ நோ சோய் லிஸ்தோ" என்று மகன் பதில் சொன்னான். வகுப்பே சிரித்தது. தன் மகன் தன்னையே தாழ்த்திக்கொண்டான், பிள்ளைகள் அவனைக் கேலி செய்தார்கள் என்று தாய்க்கு வருத்தம். வேற்று நாட்டுப் பிள்ளை என்பதால்தான் இந்த இளக்காரம் என்று கணவர் கொதிக்கிறார். தலைமையாசிரியைக்கு அனுப்ப ஒரு கடிதமும் தயாராகிவிட்டது. அதில் முக்கியமான வரி: "எங்கள் மகன் இன்ஹெனியோசோ அல்ல. நீங்களே எழுதியிருப்பதுபோல் அவன் லிஸ்தோ." அனுப்பலாமா, இந்தச் சொற்களை இனி எப்படித்தான் கற்றுக்கொள்வது என்று கேட்கிறார்.

அன்புச் சகோதரி,

முதலில் ஒரு வேண்டுகோள். அந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டாம். காரணத்தைச் சொன்னால் உங்கள் மனப்பாரம் பாதி இறங்கிவிடும் என்று நம்புகிறேன்.

உங்கள் மகனுக்கு ஆசிரியை கொடுத்திருப்பது ஸ்பானிய மொழியின் அருமையான அடைமொழிகளில் ஒன்று. 'இன்ஹெனியோசோ' என்றால் சட்டென்று புதுமையாக யோசிக்கத் தெரிந்தவன், நயமாகப் பேசத் தெரிந்தவன் என்று பொருள். அடுத்த சொல்லான 'ஒகுர்ரெந்தே' அதற்கு அணி சேர்க்கிறது: சமயத்துக்குத் தகுந்த பேச்சு தானாக வந்து விழும் பிள்ளை. குறை இருப்பது நீங்கள் பாராட்டு என்று எண்ணிய இடத்தில்தான். 'சே பாசா தே லிஸ்தோ' என்பதற்கு நம்மிடம் கச்சிதமான சொல் இருக்கிறது: அதிகப்பிரசங்கி. "சில சமயம் அதிகப்பிரசங்கித்தனம் காட்டுகிறான்" என்கிறார் ஆசிரியை.

இப்போது உங்கள் கடிதத்தின் அந்த வரியை மீண்டும் படியுங்கள். மகனுக்குக் கிடைத்த பாராட்டைப் பெற்றோரே மறுத்து எழுதுவதாகவும், கண்டிப்பை நன்றியோடு ஏற்றுக்கொள்வதாகவும் அது நிற்கும். இதில் நீங்கள் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இருபது ஆண்டுகளாக ஸ்பானிய மொழி கற்பித்துவருகிறேன், மொழிபெயர்ப்பும் செய்கிறேன். இதே இரண்டு இடங்களில் நல்ல மாணவர்கள் தடுமாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்களுக்கு மட்டும் அது பிள்ளையின் விஷயமாக வந்துவிட்டதால் வலித்திருக்கிறது.

வெகுளி எங்கிருந்து வந்தான்?

அகராதியில் நீங்கள் பார்த்த பொருள் 'இன்ஹெனுவோ' என்ற வேறொரு சொல்லுக்கு உரியது. இரண்டும் அகராதியில் அருகருகே இருப்பவை. முதல் ஐந்து எழுத்துகளும் ஒன்றே, அதனால் கண் ஏமாறுவது எளிது. காது ஏமாறாது. 'இன்ஹெனுவோ'வில் அழுத்தம் 'ஹெ'யில் விழும். 'இன்ஹெனியோசோ'வில் 'னியோ'வில் விழும். (அந்த 'ஹ' நம்முடைய மென்மையான 'ஹ' அல்ல, சரகோசாவில் தொண்டையை உரசிக்கொண்டு வரும்.) இரண்டையும் வாய்விட்டுப் பத்து முறை சொல்லுங்கள். பிறகு எழுத்தில் பார்த்தாலும் குழப்பம் வராது.

இவை தற்செயலாக ஒத்திருக்கும் சொற்களும் அல்ல. இரண்டும் 'பிறத்தல்' என்ற பொருளுள்ள ஒரே லத்தீன் வேரிலிருந்து கிளைத்தவை. கூடவே பிறந்த திறமை 'இன்ஹெனியம்'. அதை உடையவன் இன்ஹெனியோசோ. மற்றது 'சுதந்திரக் குடிமகனாகப் பிறந்தவன்' என்பதில் தொடங்கி, ஒளிவுமறைவு இல்லாதவன் என்றாகி, கடைசியில் சூது தெரியாதவன் என்ற பொருளில் வந்து நின்றது. சொற்கள் இப்படி இடம்பெயர்வது நமக்குப் புதிதா என்ன? திருக்குறளில் 'வெகுளாமை' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அங்கே வெகுளி என்றால் கடுஞ்சினம். இன்று அதே சொல்லால் கள்ளங்கபடம் இல்லாத மனிதரைக் குறிக்கிறோம். நீங்கள் மகனுக்காக வருந்திய அந்தச் சொல்லே நம் மொழியில் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது.

பொறி என்ற தமிழ்ச் சொல் உங்களுக்கு உதவும்

உங்கள் கணவரின் தொழிற்பெயரை ஸ்பானிய மொழியில் எப்படிச் சொல்கிறார்கள்? 'இன்ஹெனியேரோ'. அதே குடும்பம். 'இன்ஹெனியோ' என்ற பெயர்ச்சொல்லுக்கு மதிநுட்பம் என்றும் பொருள் உண்டு, இயந்திரம் என்றும் பொருள் உண்டு. கரும்பைப் பிழிந்து சர்க்கரை காய்ச்சும் ஆலைக்கும் லத்தீன் அமெரிக்காவில் இதே பெயர். கியூபாவின் திரினிதாத் ஊரை அடுத்து 'இன்ஹெனியோக்களின் பள்ளத்தாக்கு' என்றே ஓரிடம் இருக்கிறது. பழைய சர்க்கரை ஆலைகள் நிறைந்த அந்தப் பள்ளத்தாக்கை 1988இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

மனத்தின் நுட்பமும் கையால் செய்த இயந்திரமும் ஒரே சொல்லில் அடங்குவது வியப்பாக இருக்கிறதா? தமிழில் 'பொறி' அதைத்தான் செய்கிறது. பொறி என்றால் இயந்திரம், அதிலிருந்துதான் பொறியாளர். பொறி என்றால் நெருப்பின் சிதறலும்தான். யோசனை சட்டென்று வரும்போது "பொறி தட்டியது" என்கிறோம். ஸ்பெயின்காரர்களும் பேச்சில் சுவை உள்ளவரை "சிஸ்பா உள்ளவர்" என்பார்கள். சிஸ்பா என்றால் தீப்பொறி! ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போய் இந்தச் சொல்லைக் கற்க வேண்டியதே இல்லை. இன்ஹெனியோசோ என்றதும் 'பொறி தட்டும் மனம்' என்று நினைத்துக்கொள்ளுங்கள். மகனின் குணமும் கணவரின் தொழிலும் ஒரே முடிச்சில் நினைவில் தங்கிவிடும்.

ஆனால் எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒற்றைத் தமிழ்ச்சொல்லைத் தேடாதீர்கள். ஆளைச் சொல்லும்போது சமயோசித புத்தி உள்ளவர். பதிலைச் சொல்லும்போது சாதுரியமான பதில். கருவியையோ தீர்வையோ சொல்லும்போது நூதனமானது, யுக்தியானது. ஸ்பானிய மொழியில் இவை அனைத்துக்கும் ஒரே அடைமொழி போதும். பெயர்ச்சொல்லோடு இணங்கி அதன் ஈறு மட்டும் மாறும்: பெண்ணுக்கு இன்ஹெனியோசா, பன்மையில் இன்ஹெனியோசோஸ், இன்ஹெனியோசாஸ். 'ஒகுர்ரெந்தே' ஆண், பெண் இருவருக்கும் அப்படியே வரும். சாதாரணப் பேச்சில் இன்ஹெனியோசோ பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வரும்: 'ஊனா ரெஸ்புவெஸ்தா இன்ஹெனியோசா', அதாவது சாதுரியமான ஒரு பதில். முன்னால் வந்தால் இலக்கிய மணம் கூடும். 1605இல் வெளியான செர்வாந்தேஸின் நாவல் தன் நாயகனான தோன் கிஹோத்தேவை (ஆங்கிலம் வழியாக நாம் அறிந்த டான் குயிக்சோட்) தலைப்பிலேயே 'எல் இன்ஹெனியோசோ இதால்கோ', அதாவது மதிநுட்பம் மிக்க சிறு பிரபு, என்று அழைக்கிறது. உலகில் இந்த அடைமொழியைத் தாங்கி நிற்பவர்களில் அவரை மிஞ்சிய புகழ் யாருக்கும் இல்லை. 1612இல் அந்த நாவலை முதன்முதலில் ஆங்கிலத்தில் தந்த ஷெல்ட்டன் இந்தச் சொல்லுக்கு 'விட்டி' என்று எழுதினார். பின்னால் வந்த பலர் 'இன்ஜீனியஸ்' என்றார்கள். தேர்ந்த மொழிபெயர்ப்பாளர்களே ஆளுக்கொரு சொல்லை எடுத்திருக்கும்போது, நீங்கள் ஓர் இரவில் அகராதியோடு மல்லுக்கட்டியதற்காக உங்களை நொந்துகொள்ளலாமா?

உங்கள் ஊருக்கும் இந்தச் சொல்லுக்கும் உள்ள உறவையும் சொல்ல ஆசை. சரகோசா மாகாணத்திலேயே, கலத்தாயூத் நகரை அடுத்த பெல்மோந்தே என்ற சிற்றூரில் 1601இல் பிறந்தவர் பல்தசார் கிராசியான். இயேசு சபைத் துறவி. கூரிய பேச்சும் மதிநுட்பமும் எப்படிப் பிறக்கின்றன என்பதை ஆராய்ந்து ஒரு பெரிய நூலையே எழுதினார். அதன் விரிவான பதிப்பு 1648இல், உங்களுக்கு வடக்கே உள்ள உவெஸ்காவில் அச்சானது. ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போலத் தெரியும் பொருள்களுக்கு இடையே ஒளிந்திருக்கும் பொருத்தத்தை அறிவு கண்டுபிடித்துச் சொல்வதுதான் அவர் பார்வையில் நுட்பத்தின் உயிர். உங்கள் மகன் அந்தத் தேர்வு நாளில் செய்ததும் அதைத்தான்.

அந்தப் பதிலில் என்ன இருந்தது?

ஆசிரியை கேட்டது "தயாரா?" என்று. மகன் சொன்னது "நான் தயார்தான், ஆனால் கெட்டிக்காரன் இல்லை" என்று. தமிழில் இது வெறும் தன்னிரக்கமாக ஒலிக்கிறது. ஸ்பானிய மொழியில் இது சிலேடை. 'இரு' என்பதற்கு அங்கே இரண்டு வினைகள்: நிலையான இயல்பைச் சொல்ல 'செர்', அப்போதைய நிலையைச் சொல்ல 'எஸ்தார்'. 'லிஸ்தோ' என்ற ஒரே அடைமொழி, செர் வினையோடு சேர்ந்தால் கெட்டிக்காரன் என்றும், எஸ்தார் வினையோடு சேர்ந்தால் தயாராக இருப்பவன் என்றும் பொருள் தரும். மூன்றே ஆண்டுகளில் அந்த மொழிக்குள் போன ஒரு பிள்ளை, அதன் மிக நுட்பமான மூட்டில் விரல் வைத்து ஒரு சிலேடையை உண்டாக்கியிருக்கிறான். என் வகுப்பில் பெரியவர்கள் பலர் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளவே மாதக்கணக்கில் திணறுகிறார்கள். வகுப்பு சிரித்தது கேலியால் என்று உங்கள் கடிதத்தைப் படித்த எனக்குத் தோன்றவில்லை. ரசித்துச் சிரித்தார்கள் என்றே தோன்றுகிறது. உறுதி செய்துகொள்ள வேண்டுமானால் மகனிடம் கேளுங்கள்: சிரித்தவர்கள் பிறகு அவனோடு விளையாடினார்களா என்று.

செர், எஸ்தார் வேறுபாடு இன்ஹெனியோசோவுக்கும் பொருந்தும். ஆசிரியை 'எஸ்' என்று செர் வினையைப் போட்டிருக்கிறார். அது அவனுடைய இயல்பு என்கிறார். 'எஸ்தா இன்ஹெனியோசோ' என்று எழுதியிருந்தால், ஏதோ அன்றைக்கு மட்டும் பேச்சு நன்றாக வந்தது என்றாகியிருக்கும். குற்றத்துக்கு மட்டும் 'அ வேசெஸ்', 'சில சமயம்' என்ற வரம்பைப் போட்டிருக்கிறார். நிதானித்துப் பார்த்தால், அளந்து எழுதப்பட்ட வாக்கியம் அது. உங்கள் பிள்ளையைக் கவனித்துப் பார்க்கும் ஒருவர் எழுதியது என்றே நான் படிக்கிறேன்.

கண்டிப்பை எப்படி எடுத்துக்கொள்வது?

'பசார்சே தே' என்றால் ஒன்றில் எல்லை தாண்டுவது. நல்லவராக இருப்பதில் எல்லை தாண்டினால் ஏமாளி. கெட்டிக்காரத்தனத்தில் எல்லை தாண்டினால் அதிகப்பிரசங்கி. ஸ்பெயினில் இது கடுமையான வசை அல்ல. ஆனால் பாராட்டாக ஒருநாளும் வராது. ஆசிரியையின் எழுத்துப் பிழையை மகன் இரண்டு முறை வகுப்பின் நடுவே உரக்கத் திருத்தினான் என்று நீங்களே பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்கு அது காரணமாக இருக்கலாம். திருத்தியது தவறில்லை. திருத்திய விதத்தைப் பற்றிப் பேச இடம் இருக்கிறது.

இனவேற்றுமை பற்றிய உங்கள் கணவரின் கவலையை நான் தள்ளிவிடவில்லை. அயல்நாட்டில் பிள்ளை வளர்ப்பவர்களின் காது அதற்காகத் திறந்தே இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆனால் இந்த வாக்கியத்தில் அதற்குச் சான்று இல்லை. அவனை விளையாட்டில் ஒதுக்குவது, பெயரைக் கேலி செய்வது, உச்சரிப்பைப் பழிப்பது போன்றவை நடந்திருந்தால் தேதியோடு எழுதிவைத்து, அதைத் தனியாகக் கேளுங்கள். பாராட்டு வரியின் மேல் அந்தப் புகாரை ஏற்றினால், பின்னால் உண்மையிலேயே ஏதாவது நடக்கும்போது உங்கள் சொல்லுக்கு வலு குறைந்துவிடும். நீங்கள் எழுதிய கடிதத்தில் நான் காணும் பெரிய ஆபத்து அதுதான்.

பேசாமல் விட்டுவிடுவதும் ஒரு வழி. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆசிரியை ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்.

ஆசிரியையை நேரில் பாருங்கள்

வகுப்பாசிரியையோடு பெற்றோர் தனியாக அமர்ந்து பேசும் 'துத்தோரியா' என்ற சந்திப்பு ஸ்பெயின் பள்ளிகளில் வழக்கமான ஒன்று. பிள்ளையின் கல்வி முன்னேற்றத்தையும் பள்ளியில் அவன் பழகும் விதத்தையும் தெரிந்துகொள்ளும் உரிமை, 1985ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவிலேயே பெற்றோருக்கு வழங்கப்பட்டிருக்கிறது. தயங்காமல் நேரம் கேளுங்கள். தலைமையாசிரியைக்கு நேரே போவது இப்போது தேவையில்லை. வகுப்பாசிரியை மறுத்தாலோ இழுத்தடித்தாலோ மட்டும் மேலே போகலாம்.

மகனை மொழிபெயர்ப்பாளனாக அழைத்துப் போகாதீர்கள். தன்னைப் பற்றிய கண்டிப்பை 'மிகவும் கெட்டிக்காரன்' என்று அவன் பெயர்த்தது பொய்யாகவும் இருக்கலாம், உண்மையிலேயே அப்படிப் புரிந்துகொண்டதாகவும் இருக்கலாம். இதற்காக அவனைக் கடிந்துகொள்ள வேண்டாம். தன் மேலான புகாருக்குத் தானே மொழிபெயர்ப்பாளனாக இருக்கும் சுமையை ஒன்பது வயதுத் தோளில் ஏற்றியது நாம்தான். இரண்டு மொழியும் தெரிந்த நண்பர் யாராவது உடன் வரலாம், அல்லது பள்ளியில் அதற்கு உதவி உண்டா என்று முன்கூட்டியே கேட்கலாம்.

அங்கே சொல்ல இரண்டு வாக்கியங்கள் தருகிறேன். "மே அலேக்ரோ தே கே லே பரெஸ்கா இன்ஹெனியோசோ." அவனை இன்ஹெனியோசோ என்று நீங்கள் கருதுவதில் எனக்கு மகிழ்ச்சி. பிறகு, "என் கே மொமேந்தோஸ் சே பாசா தே லிஸ்தோ?" எந்தத் தருணங்களில் எல்லை தாண்டுகிறான்? முதல் வாக்கியம் பாராட்டை ஏற்றுக்கொள்கிறது. இரண்டாவது, குறிப்பான நிகழ்ச்சிகளைக் கேட்கிறது. பொதுவான குறை குறிப்பான நிகழ்ச்சியாக மாறும்போதுதான் நம்மால் ஏதாவது செய்ய முடியும்.

ஒரு சிறிய எச்சரிக்கை. மகனை மெச்சுவதற்காக 'அஸ்தூத்தோ' என்ற சொல்லை அங்கே எடுக்காதீர்கள். அதில் நரித்தந்திரத்தின் வாடை உண்டு. 'விவோ' சில நாடுகளில் சூட்டிகை, சில நாடுகளில் ஊரை ஏய்ப்பவன். 'லிஸ்தீயோ' என்று யாராவது சொன்னால் அது அதிகப்பிரசங்கிக்கு வைத்த செல்லப்பெயர் போன்றது; வீட்டில் அவனை அப்படி அழைக்க வேண்டாம். இப்போதைக்கு இன்ஹெனியோசோ ஒன்றே உங்களுக்குப் போதும். தினமும் ஒரு முறை உண்மையான ஒன்றுக்கு அதைப் பயன்படுத்துங்கள்: கணவர் பழுதான குழாயை ரப்பர் துண்டால் அடைத்தாரா, 'கே இன்ஹெனியோசோ!' என்று சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் சொல் உங்களுடையதாகிவிடும்.

சந்திப்புக்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இன்றைக்கோ நாளைக்கோ, மகனை அருகில் உட்காரவைத்து அந்த அறிக்கையை எடுங்கள். "எனக்கு இது தப்பாகப் புரிந்துவிட்டது" என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள். "உனக்குச் சட்டென்று பொறி தட்டுகிறது என்று டீச்சர் எழுதியிருக்கிறார்" என்று முதல் பாதியைத் தமிழில் படித்துக்காட்டுங்கள். பிறகு இரண்டாம் பாதியைச் சரியான பொருளில் அவனையே படிக்கச் சொல்லி, அவன் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள்.